பிக்னோடான்ட்டுக்கு அளவெடுத்தவர்

தையல்காரருக்கு ஒரே ஒரு பெருமைதான். கடை போட்ட இருபத்திரண்டு வருடங்களில் அவர் தைத்த துணி ஒன்றுகூட "இங்கே பிடிக்குது, அங்கே தொங்குது" என்று திரும்பி வந்ததில்லை. மற்றபடி சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆள் குடைக்கம்பி மாதிரி ஒல்லி.

அருங்காட்சியகத்தில் புதைபடிவக் கூடம் திறக்கவிருந்தார்கள். வாசலில் நின்று பிள்ளைகளுக்குக் கைகொடுக்க ஒரு மீன் வேஷம் வேண்டுமாம். ஆராய்ச்சியாளர் அம்மா படத்தோடு கடைக்கு வந்தார்.

"இது பிக்னோடான்ட் அண்ணே. டைனோசரெல்லாம் போன பிறகும் கொஞ்ச காலம் இருந்துட்டுத்தான் அழிஞ்சுது."

கல்லில் பதிந்த மீன், தாம்பாளம் மாதிரி வட்டமாக இருந்தது. தையல்காரர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார்.

"நீளம் உயரம் சரிம்மா. இடுப்புச் சுத்தளவு?"

"மீனுக்கு ஏதுண்ணே இடுப்பு? தட்டையாத்தான் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னு சொன்னா கத்தரி வைக்க முடியாதும்மா. உள்ள போறவரை அனுப்புங்க."

வந்தவர் அருங்காட்சியகக் காவலாளி. அவர் வயிற்றைச் சுற்றி வருவதற்குள் டேப்புக்கு மூச்சு வாங்கியது. தையல்காரர் அந்த அளவுக்கே வெட்டினார். துடுப்புக் கதிர்களுக்குக் குடைக்கம்பி. சிப்பி நொறுக்கும் உருண்டைப் பற்களுக்கு நாற்பது கோட்டுப் பொத்தான்கள்.

திறப்பு நாள் காலையில் காவலாளி அதைப் போட்டுக்கொண்டு நின்றார். கச்சிதம். ஆராய்ச்சியாளர் அம்மா தலையில் கைவைத்தார்.

"தையல் பிரமாதம்ணே. ஆனா இது பூசணிக்காய். ரெண்டு பக்கமும் பிரிச்சுப் பிடிங்க."

"என்னையா பூசணிங்கறீங்க?" என்றார் காவலாளி.

"மீனைச் சொன்னேன்."

பிரிப்பதா? தையல்காரர் மீனுக்குக் குறுக்கே வந்து நின்றார். இருபத்திரண்டு வருட மானம் ஒரு மீனிடமா போக வேண்டும்?

"துணி மேல தப்பில்லம்மா. ஆளை மாத்துங்க. ஒல்லியா ஒருத்தர் போனா தானா தட்டையாயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் இருவரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார்.

கால் மணி நேரத்தில் வாசலில் அசல் பிக்னோடான்ட் நின்றது, அப்பளம் போலத் தட்டையாக. உள்ளே தையல்காரரைச் சுற்றி இன்னும் இரண்டு பேர் குடியிருக்க இடம் இருந்தது. மீன் தோளிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்க, இடது கையால் வயிற்றோடு சேர்த்து அள்ளிப் பிடித்தபடி வலது துடுப்பால் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தார்.

கூட்டத்தில் வந்த மனைவி மீனின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ரொம்பத் தொளதொளன்னு இருக்கோ?"

"சேச்சே," என்றது மீன். "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."