பழசு இடது கையில், புதுசு வலது கையில்

பழைய கேமராவை இடது கையிலும் புதியதை வலது கையிலும் பிடித்துக்கொண்டு, "பாருங்க சார், வித்தியாசத்தை" என்று சொல்லிச் சொல்லியே சாப்பிடுகிற தொழில் எங்களுடையது.

தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கடை. பழைய மிர்ரர்லெஸ் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புது மாடல் வாங்கிப் போகலாம். அந்த எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய மாடல் ஒன்று, இப்போது வந்தது ஒன்று. இரண்டுக்கும் ஒரே லென்ஸ், ஒரே வெளிச்சம். இரண்டிலும் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜவுளிக்கடையில் புடவை விரித்தவர்களுக்கும், செருப்புக்கடையில் குனிந்து குனிந்து அளவு பார்த்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். வாங்க வருகிறவர் பொருளைப் பற்றிப் பேசுவதுபோலவே வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார். நாம் அது தெரியாமல் ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

படம் ஆடுது

கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். "கேமராவுக்கு வயசாயிடுச்சு தம்பி, எல்லாப் படமும் ஆடிப் போகுது" என்றார் சார். எனக்கு இது ரொம்பச் சுலபமான கேஸ். புது மாடலில் கை அசைந்தால் உள்ளேயிருக்கிற சென்சாரும் எதிர்ப்பக்கம் அசைந்து ஈடுகட்டிவிடும். சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுக்கச் சொன்னேன். ராகு காலம், எமகண்டம் வரை பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. "பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்று மனைவியிடம் காட்டினார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அந்த வசதியை ஆஃப் பண்ண முடியுமா தம்பி?" என்று கேட்டார். விவரமான அம்மா, சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்து ஆஃப் செய்தேன். அதே காலண்டர், எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. "இப்ப எங்க பழைய கேமராவை மேஜை மேல வச்சு, கை படாம எடுங்க" என்றார். டைமர் போட்டு எடுத்தேன். படம் ஆடவே இல்லை.

சார் மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அதை மெதுவாக பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வாசற்படிக்குப் போய் நின்றார். கவுண்டரில் பேச்சு நின்றுவிடக் கூடாது என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. நான் மடையன் மாதிரி லென்ஸ் ஆஃபர் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா பழைய கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"ஆறு மாசமா கை நடுங்குதுன்னு சொல்றேன், டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறார். கேமரா சொன்னா நம்புவார்னுதான் கூட்டிட்டு வந்தேன். கோச்சுக்காதீங்க தம்பி, இன்னிக்கு எதுவும் வாங்கல."

கெட்டிமேளம்

ஊரப்பாக்கத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் செல்வம் எனக்குப் பல வருஷப் பழக்கம். வந்தால் கடையே கலகலக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சத்தமே இல்லாமல் வந்து, லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். தாலி ஏறுகிற நேரம். பெண்ணுக்குப் பின்னால் அவள் அப்பா கைகூப்பி நிற்கிறார். ஆனால் ஃபோகஸ் பின்னாலிருந்த பூ அலங்காரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. சாமந்தி ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. மனுஷர்கள் புகை மாதிரி இருந்தார்கள். அன்றைக்கு முழுக்க அந்த அப்பா பந்தி, வாசல், வேன் என்று ஓடிக்கொண்டே இருந்தாராம். பெண்ணும் அவரும் சேர்ந்து இருக்கிற ஒரே படம் இதுதான். கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் அவர் தவறிவிட்டார்.

"புதுசுல எடுத்திருந்தா வந்திருக்குமாண்ணா?" என்று கேட்டான். பில் போடும் உமாவைக் கூப்பிட்டு, சீரியல் பல்பு தொங்குகிற இடத்தில் நிற்கவைத்தேன். இரண்டு கேமராவிலும் ஐந்தைந்து படம். பழையது மூன்று முறை பல்பைப் பிடித்தது. புதியது ஐந்து முறையும் உமாவின் கண்ணைப் பிடித்தது. 'அந்த நெரிசலில் எந்தக் கேமராவும் தவறவிடும்' என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "வந்திருக்கும் செல்வம்" என்றேன். தலையாட்டினான். புதியதையே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னான்:

"அந்தப் பொண்ணு என்னைத் திட்டியிருந்தா தாங்கியிருப்பேண்ணா. 'பரவால்லண்ணா, அப்பா சட்டை கலராவது தெரியுதே'ன்னு சொல்லிடுச்சு."

சத்தம் வரக் கூடாது

வண்டலூர் பக்கத்து ஆள் ஒருவர், பாஸ்கர் என்று பெயர். உள்ளே வந்ததும் வராததுமாக, "அண்ணாத்த, பிக்சலு கிக்சலுலாம் வாணாம். எட்த்தா சத்தம் வரக் கூடாது. அத்த மட்டும் காட்டு" என்றார். பழையதில் ஒன்று எடுத்தேன். 'சடக்' என்றது. புதியதில் ஷட்டர் சத்தத்தையே அணைத்துவிடலாம். அதில் எடுத்தபோது, எடுத்தேனா இல்லையா என்று என் கையைப் பிடித்துப் பார்த்தார். "தூங்கற குழந்தையை எடுக்கவா?" என்று சும்மா கேட்டு வைத்தேன். "சாவுக்கு எடுக்கறேண்ணா" என்றார். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டு வர முடியாத பிள்ளைகள் படம் கேட்கிறார்களாம். கூப்பிட்டால் போகிறார்.

போன வாரம் ஒரு வீட்டில் வாலிபப் பையனின் சாவு. துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பத்தான் படம். தாய்க்காரி குனிந்து மகன் நெற்றியில் முகம் வைத்த நேரம் இவருடைய கேமரா 'சடக்' என்றிருக்கிறது. கேமராவின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"கண்ணாலத்துல சத்தம் கேட்டா திரும்பிப் பாப்பாங்கண்ணா, போட்டோ நல்லா வரும். அந்தம்மா அழுதுகினே திரும்பி, முந்தானிய சரி பண்ணிகினு, என்னிய பாக்குதுண்ணா. அந்தப் போட்டோவ இன்னான்னு சொல்லி அனுப்புவேன்?"

மூன்றாவது வரிசை

சட்டையை இன் பண்ணி, பேட்ஜைக் கழற்றாமல் ஆபீசிலிருந்து நேராக வந்தவர் ஒருவர். மகளுடைய ஸ்கூல் ஆண்டு விழாவாம். கடைசி வரிசையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், முன்னால் போக மாட்டேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே, "அவ அம்மாகூட இருக்கா. நான் வர்றது தெரிஞ்சா சங்கடம்" என்றார். அவர் கையிலிருந்த பழைய மாடல் கூட்டத்தில் எந்த முகம் பெரிதாகத் தெரிகிறதோ அதைத்தான் பிடிக்கும். புதியதில் ஒரு முகத்தைப் பதிந்து வைத்துவிட்டால், எத்தனை பேர் நடுவில் இருந்தாலும் அந்த முகத்தைத் தேடிப் பிடிக்கும். குஷியாகிவிட்டார். செல்போனிலிருந்த படத்தைக் காட்டினார். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண். நாலு வருஷத்துக்கு முந்தைய படம். அதையே கேமராவில் பதிந்தேன்.

ஒத்திகை வீடியோ ஒன்று யாரோ பெற்றோர் அனுப்பியது அவரிடம் இருந்தது. அதைக் கடை டி.வி.யில் ஓடவிட்டு, கேமராவைத் திருப்பினேன். ஃபோகஸ் கட்டம் ஒவ்வொரு குழந்தையின் முகத்துக்கும் தாவியதே தவிர, எதிலும் நிற்கவில்லை. "இதுல உங்க பொண்ணு எது சார்? இப்ப இருக்கற முகத்தையே பதிஞ்சிடலாம்" என்றேன். வீடியோவை நிறுத்தச் சொன்னார். டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றார். மூன்றாவது வரிசையில் பச்சைப் பாவாடைக்கு நேரே விரலைக் கொண்டுபோனார். தொடவில்லை. விரல் பக்கத்துப் பெண்ணுக்கு நகர்ந்தது.

"கேமராவைக் குறை சொல்ல முடியாது சார். எனக்கே ரெண்டு பேர்ல யாருன்னு சந்தேகமா இருக்கு."

டெஸ்ட் ஷாட்

இது என் கதை. என் அக்கா கஸ்தூரி மேடவாக்கத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருந்தாள். ஒரு நாள் வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். வெயிலில் பஸ் மாறி வந்திருந்தாள். அப்போது ஒரு கஸ்டமர், கண்ணைப் பிடிக்கிற ஃபோகஸை நம்ப மாட்டேன் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். "அக்கா, அப்படியே ஒரு நிமிஷம் நில்லு" என்றேன். "ஐயோ, மூஞ்சியெல்லாம் வேர்வைடா" என்று சிரித்தாள். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று. புதியதில் அவள் கண்ணிமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூக்கு நுனி வேர்வையில் எங்கள் கடை டியூப்லைட் தெரிந்தது. கஸ்டமர் ஒப்புக்கொண்டு வாங்கிப் போனார். அக்கா சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏழு மாதம் கழித்து, காலையில் ரயிலுக்குக் கிளம்பியவள் ஸ்டேஷன் படிக்கட்டில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்ததெல்லாம் ஆதார் அட்டைப் படமும், விசேஷங்களில் யார் தோளுக்கோ பின்னால் பாதி தெரிகிற முகமும்தான். எங்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்ததெல்லாம் அவள். ஆதார் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். அதைப் பார்த்து, "இது அத்தை மாதிரியே இல்லப்பா" என்றாள் என் மகள். காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று எனக்கு அந்த டெஸ்ட் ஷாட் ஞாபகம் வந்தது. டெமோ கேமராக்களின் மெமரி கார்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினேன். அழிந்த படங்களை மீட்கிற சாஃப்ட்வேரையும் ஓடவிட்டேன். காலண்டர், சீரியல் பல்பு, முன்பின் தெரியாத கஸ்டமர்களின் முகங்கள் எல்லாம் வந்தன; அக்கா வரவில்லை. டெமோ கார்டைத் தினமும் சாயங்காலம் ஃபார்மட் செய்து அழித்துவிடுவது கடை வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். என் பின்னால் உமா எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியாது.

"அன்னிக்கு ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி அந்தப் படத்தைப் பாத்தேண்ணா. 'நல்லா வந்திருக்கே, அண்ணன்கிட்ட கேக்கலாமா'ன்னு நினைச்சேன். நீங்க கஸ்டமரோட பேசிட்டு இருந்தீங்க."

இப்போதும் பழசா புதுசா என்று கேட்டு வருகிறவர்களிடம் புதுசுதான் என்று மனதாரச் சொல்லிவிட்டு, அது இருக்கட்டும், வீட்டில் யாரையாவது இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டும் வைக்கிறேன்; இந்தக் கேள்விக்கு எங்கள் கடையில் இன்சென்டிவ் கிடையாது.