இரண்டாம் வரிசையில் நின்றவள்

அந்த வசந்த காலத்தில் நான் அம்மாவிடம் வாரத்துக்கு ஒரு பொய் சொன்னேன். சனிக்கிழமைகளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ரொறன்ரோ டவுன்ரவுனில் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லி மல்வேர்னில் பஸ் ஏறுவேன். போவது மில்லிக்கனுக்கு. அங்கே ஒரு பிளாசாவின் மாடியில் கரோக்கி அறை ஒன்று இருந்தது. அதற்குள் நுழைந்ததும் கறுப்புச் சட்டைக்கு மேலே மஞ்சள் ரீசேர்ட்டை மாட்டிக்கொள்வேன்.

எனக்கு அப்போது இருபது வயது. வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஒரே தங்கையான சின்னம்மாவும் சித்தப்பாவும் அவர்களுடைய மகளும் அதற்குள் அகப்பட்டிருந்தார்கள். மாசி மாதத்தில் சின்னம்மா ஒருமுறை தொலைபேசியில் பேசினார். "நாங்கள் இடம் மாறப்போறம் அக்கா, பிறகு எடுக்கிறன்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு அம்மா தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனார். அப்பா நெடுந்தூர லொறி ஓட்டுபவர், வாரக்கணக்கில் வீட்டில் இருக்கமாட்டார். அம்மாவும் நானும் தொலைபேசி மணி அடிப்பதற்காகக் காத்திருந்தோம். அது அடிக்கும்போதெல்லாம் எடுக்கப் பயந்தோம்.

மஞ்சள் ரீசேர்ட் வேறொரு கதை. ஜப்பானில் நாற்பதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் சேர்ந்து ஆடிப் பாடும் குழு ஒன்று இருந்தது. அப்படிப்பட்டவர்களை ஐடல் என்பார்கள். அவர்களின் ரசிகர்கள் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அல்ல. நாற்பது பேரில் ஒருத்தியைத் தெரிந்தெடுத்து, அவள் பிழை விடுவதையும் அழுவதையும் மெல்ல மெல்லத் தேறுவதையும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். மேடைக்குக் கீழே அந்த நிறத்தில் விளக்குக் குச்சி பிடித்து, பாட்டின் இடைவெளிகளில் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள்.

நான் தெரிந்தெடுத்தவள் இரண்டாம் வரிசையில், இடது ஓரத்தில் நிற்பவள். தெத்துப்பல்லுக்காரி. வடக்கே ஒரு மீன்பிடி ஊரிலிருந்து வந்தவள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு பாட்டில் அவளை இரண்டு வினாடிக்கு மேல் காட்டமாட்டார்கள். அந்த இரண்டு வினாடிக்காக நான் வீடியோவை நிறுத்தி நிறுத்தி இருபது தடவை பார்ப்பேன். அவள் வைகாசியில் குழுவை விட்டு விலகப்போவதாக அறிவித்திருந்தாள். ரொறன்ரோ ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அவளுடைய நிறமான மஞ்சள் உடையில் அவளுக்காகக் கத்தும் ஒரு வீடியோவை எடுத்து அனுப்புவதென்று முடிவுசெய்தோம். சனிக்கிழமைகளில் அதற்குத்தான் கத்திப் பழகினோம்.

அந்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர் எனக்கு நெருக்கம். ஒருத்தி என்னோடு கொலிஜில் படித்த சீனத் தோழி, மாலையில் படம் பிரிண்ட் பண்ணும் கடையில் வேலை செய்பவள். மற்றவருக்கு முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயதிருக்கும். பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் தொண்டை பெரிது. அவரை மலேசியாக்காரர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கரோக்கி அறைக்கு வெளியே நின்று அவர் தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"உம்மா, நான் வேலையில நிக்கிறன். பிறகு எடுக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"ஐயோ தங்கச்சி, ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

"நானும் வீட்டில பொய் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், அண்ணை."

அதன்பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் பொய்யை மற்றவர் காப்பாற்றினோம்.

முதல் இரண்டு சனிக்கிழமைகளும் நான் உண்மையாகவே ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே சனங்கள் செத்தவர்களின் படங்களைப் பெரிதாக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு படத்தையும் கடக்கும்போது, அடுத்த படத்தில் சின்னம்மா இருப்பார் என்று பயந்தேன். மூன்றாவது சனிக்கிழமை என் கால் அந்தப் பக்கம் போக மறுத்தது. இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

சித்திரை கடைசியில் பிடிபட்டேன். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அந்த வாரம் என்னிடம் சொல்லாமல் லீவு எடுத்துக்கொண்டு ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருக்கிறார். நான் பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது சப்பாத்துக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போனனீ?"

"அங்கதான் அம்மா."

"எங்க, அங்க?"

பைக்குள் கிடந்த செல்போனை எடுத்துப் பார்த்தேன். அம்மா பத்தொன்பது தடவை அழைத்திருந்தார்.

"சனத்துக்குள்ள ஒவ்வொரு கறுப்புச் சட்டையாப் பாத்துக்கொண்டு போனனான். ஒரு பிள்ளை மயங்கி விழுந்து அம்புலன்சில ஏத்தினவங்கள். நீயெண்டு நினைச்சு ஓடினன். கிட்டப் போனா வேற ஆரோ பெத்த பிள்ளை." அம்மா குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினார். "அங்கயும் தேடுறன், இங்கயும் தேடுறன். எனக்கு ஏலாது பிள்ளை."

பைக்குள்ளிருந்து மஞ்சள் ரீசேர்ட்டை எடுத்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் படங்களுக்குப் பயந்ததையும் சொன்னேன். அம்மா ரீசேர்ட்டை விரித்து அதில் அச்சடித்திருந்த முகத்தைப் பார்த்தார்.

"உந்தப் பெட்டை எங்களுக்கு என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லை."

"பிறகேன்?"

"அவளைப் பாக்கேக்கை எனக்கு மூச்சு வருது, அம்மா."

அம்மா ஏசவில்லை. எழுந்துபோய் எனக்குச் சோறு சூடாக்கினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் கரோக்கி அறைக்குப் போவதை நிறுத்தினேன். வைகாசி நடுவில் போர் முடிந்துவிட்டது என்று எல்லாச் செய்தியிலும் சொன்னார்கள். தமிழ் வானொலியில் வெறும் சோக இசை போய்க்கொண்டிருந்தது. அதே வாரத்தில் ஜப்பானில் அவளுடைய கடைசி மேடையும் நடந்தது. நான் பார்க்கவில்லை. வீட்டில் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றேயொன்றுதான்: "உயிரோட இருக்கினமோ?"

பிறகு வீடியோக்கள் வரத் தொடங்கின. தண்ணீரைக் கடந்து வருபவர்கள், வவுனியாப் பக்கத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருப்பவர்கள், கூடாரங்கள், வரிசைகள். அம்மா கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துப் பார்த்துக் கண்ணீர் முட்டி, கடைசியில் ஒன்றுமே தெரியாமல் போய்விடும்.

"நீ பாரன் பிள்ளை. உனக்குக் கண் நல்லம்."

தனியே பார்க்க என்னால் முடியவில்லை. சீனத் தோழியிடமும் அண்ணையிடமும் போய்ச் சொன்னேன். போரைப் பற்றி அவளுக்கு அதுவரை நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் சின்னம்மா குடும்பத்தின் பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். தங்கச்சி வயதுக்கு வந்தபோது நடந்த சாமத்தியச் சடங்கு அல்பம் எங்களிடம் இருந்தது. சின்னம்மாவின் மகளை நான் தங்கச்சி என்றுதான் சொல்வேன். என்னைவிட ஒரு வயது இளையவள்.

மறுநாள் கொலிஜ் நூலகத்தில் ஒரு சின்ன அறையை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் திரையில் முகங்களைத் தேடுவதைப் பார்த்துவிட்டு அண்ணை தடுத்தார்.

"முகத்தைப் பாக்காதேங்கோ தங்கச்சி. சாப்பாடில்லாத முகம் மாறிப்போயிருக்கும். எங்கட ஆளைப் பின்வரிசையில எப்பிடிக் கண்டுபிடிக்கிறனீங்கள்? அப்பிடிப் பாருங்கோ."

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. நாற்பது பேர் ஒரே உடுப்பில், ஒரே தலை அலங்காரத்தோடு, மங்கலான படத்தில் ஓடும்போது எங்கள் ஆளை முகத்தால் பிடிக்க முடியாது. காதைப் பார்ப்போம். நெற்றியில் மயிர் தொடங்கும் கோட்டைப் பார்ப்போம். எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறாள் என்று பார்ப்போம்.

அல்பத்தை அப்படிப் பார்த்தோம். தங்கச்சிக்குக் காதுச்சோணை கன்னத்தோடு ஒட்டியிருந்தது. நெற்றி ஓரத்தில் ஒரு சுழி. சும்மா நிற்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் விட்டு வலது முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். நான்கு படங்களில் அப்படித்தான் நின்றாள். அவள் அப்படி நிற்பவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஜப்பானில் இருந்த ஒருத்தியின் கை அசைவெல்லாம் எனக்கு மனப்பாடம். சொந்தத் தங்கச்சியின் கையை அன்றுதான் பார்த்தேன். வெட்கத்தில் என் காது சுட்டது.

வீடியோக்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அண்ணை காலை வேலை முடித்து வேலைத்தல ஆரஞ்சு நிற அங்கியோடேயே பிறம்ரனிலிருந்து வந்துவிடுவார். சில காட்சிகளில் காயக்காரர்கள் வந்தால் தோழி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நீ பார்க்காதே, நான் பார்க்கிறேன் என்பாள். பத்துப் பன்னிரண்டு நாட்கள் அப்படிப் போயின.

ஒரு வியாழக்கிழமை அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்கு முன்னால் ஒரு வரிசை. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. அந்த இரண்டாம் வரிசையில் மயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண் கமெராவுக்கு முதுகு காட்டி நின்றாள். முதுகுக்குப் பின்னால் வலது முழங்கையை இடது கை பிடித்திருந்தது. மூன்று வினாடி. திரும்பும்போது காது தெரிந்தது.

நான் அழத் தொடங்கினேன். அண்ணை, "அவசரப்படாதேங்கோ, இல்லையெண்டு சொல்ல என்ன இருக்கெண்டு முதல் பாப்பம்" என்றார். உயரத்தைப் பார்த்தோம், தோளைப் பார்த்தோம், சுழியைப் பார்த்தோம். இல்லையென்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தோழி அந்தக் காட்சியைத் தன் கடையில் பிரிண்ட் எடுத்துத் தந்தாள். அண்ணை என்னைக் காரில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அம்மா படத்தை ஒரு கணம்தான் பார்த்தார்.

"இது அவள் இல்லை. அவள் உப்பிடி மெலிஞ்ச பிள்ளை இல்லை."

அம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அண்ணையிடம் கொடுத்தார்.

"தம்பி எந்த இடம்?"

"யாழ்ப்பாணம்தான் அக்கா. சோனகதெரு."

அம்மாவின் முகம் மாறியது. தொண்ணூறாம் ஆண்டில் இயக்கப் போராளிகள் அந்தத் தெருவில் இருந்த முஸ்லிம்களை ஒரே நாளில் வெளியேறச் சொன்னபோது அம்மாவும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்.

"அப்ப உமக்கு எத்தினை வயசு?"

"பதினாலு."

அம்மா வெகுநேரம் கதிரையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாங்கள் வீட்டுக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள், தம்பி. ஏனெண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை."

அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம் அக்கா" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. பிறகு படத்தை அம்மாவின் பக்கம் தள்ளி, "இந்தக் காதை ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்றார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அல்பத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய வாய் கோணியது.

"அவள்தான்" என்றார். அடுத்த மூச்சிலேயே கேட்டார்: "தாய் எங்க?"

படம் கிடைத்ததோடு நிம்மதி வரும் என்று நான் நினைத்திருந்தேன். வந்தது முன்னைவிடப் பெரிய பயம். தங்கச்சி தனியே நின்றாள். சின்னம்மா ஒரு நாளும் மகளைத் தனியே தண்ணீருக்கு விடுபவர் அல்ல என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டினார், ஒரு மணித்தியாலத்தில் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். பிறகு லாச்சியைத் திறந்து திறந்து பார்த்தார். பவுசரின் பக்கத்தில் ஒரு பலகையும் அதில் ஒரு இலக்கமும் தெரிந்தன. அதை வவுனியாவில் இருந்த ஒரு தூரத்து உறவினருக்குச் சொன்னோம். முகாமின் அந்தப் பகுதிக்குள் போய்வருகிற யாரையாவது பிடித்து விசாரிக்கிறேன் என்றார் அவர். அதன்பிறகு ஆறு வாரம் அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா உருகிப்போனார். வேலைக்குப் போவார், வருவார், தொலைபேசியைத் தூக்கி அது வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார்.

ஆடியில் ஒருநாள் காலையில் அந்த உறவினர் தொலைபேசி எடுத்தார். தங்கச்சி அந்தப் பகுதியில்தான் இருந்தாள். சின்னம்மா காலில் காயத்தோடு மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகள் எங்கே என்று அவருக்கும், தாய் எங்கே என்று மகளுக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. சித்தப்பா இல்லை. செத்துப்போனவரை வழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

அம்மா நிலத்தில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் என்னிடம் அண்ணையின் நம்பரைக் கேட்டு வாங்கித் தானே எடுத்தார். அவர் வேலையில் இருந்தார், பின்னால் யந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"தம்பி, நான் பிள்ளையின்ர அம்மா. ரெண்டு பேர் இருக்கினம்." அம்மா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "ஞாயிற்றுக்கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும். நான் மரக்கறிதான் சமைப்பன், யோசியாதேயும்."

ஆவணியில் தங்கச்சி யாரிடமோ ஒரு செல்போன் வாங்கி எங்களுக்கு எடுத்தாள். சில நிமிடம்தான் கிடைக்கும் என்றாள். தாயைப் பார்க்க விட்டார்களாம். பக்கத்திலேயே இருக்க விடப்போகிறார்களாம். நான் அவளை வீடியோவில் கண்டதைச் சொன்னேன். பவுசர் வரிசையில், இரண்டாவது வரிசையில், என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓம், அண்டைக்குக் கமெராவோட வந்தவங்கள். நான் தண்ணிக்கு நிக்கேல்லை அக்கா. வாற சனத்துக்குள்ள அம்மா நிக்கிறாவோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்." பிறகு கேட்டாள்: "அவ்வளவு சனத்துக்குள்ள என்னை எப்பிடிக் கண்டனீங்கள்?"

"உன்ர கையால" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. விளக்க நேரமும் இருக்கவில்லை. அம்மா பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன்.