சொல்லாத வழியும் சொல்லக் கூடாத வழியும்

ரவுட்டருக்கு வழி சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். இதே வேலையில் வதைபட்டவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. இரண்டாயிரங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆபீசையும் யூனிட்டுகளையும் கம்ப்யூட்டரால் இணைத்துக்கொண்டிருந்தன. ரவுட்டர் என்கிற பெட்டிக்குத் தன்னோடு நேராக இணைந்த வழிகள் தெரியும். ஆனால் ஆபீஸ் ரவுட்டர் வழி சொல்லும் முறை ஒன்று, யூனிட்டில் வேறு என்றால், கட்டளை போட்டால்தான் அந்த வழிகளை அடுத்த ரவுட்டருக்குச் சொல்லும்.

மூன்று முறை வந்த வரி

முதலிபாளையம் யூனிட்டில் லாரி லோடேற்றி நின்றது. பேக்கிங் லிஸ்ட் ஆபீசுக்குப் போகாமல் லாரி நகராது. தூத்துக்குடியில் கப்பல் காத்திருக்காது. லைன் நன்றாக இருந்தது. கட்டளையும் போட்டிருந்தேன். ஆனாலும் ஆபீசுக்கு யூனிட் இருப்பதே தெரியவில்லை. அழித்து அழித்து எழுதினேன்.

நாலாவது முறைதான் திரையில் வந்த எச்சரிக்கையைப் படித்தேன். முழு நெட்வொர்க் என்றால்தான் ரவுட்டர் சொல்வானாம், பிரித்த துண்டுகளைச் சொல்லமாட்டானாம். துண்டுகளையும் சொல் என்பதற்கான 'சப்நெட்ஸ்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்ததும் வழி திறந்தது. பின்னாலேயே நின்ற பேக்கிங் சூப்பர்வைசர் செல்வி, தென்காசிப் பக்கத்துக்காரர், மெதுவாகச் சொன்னார்: "அந்த வரி மூணு தடவையும் வந்துச்சுண்ணே. வேண்டாததுன்னுல்லா நெனச்சேன்."

வெள்ளைக்காரர் முன்னால்

ஆபீசில் பனியன் வாங்க வந்த வெளிநாட்டுப் பையர் உட்கார்ந்து தையல் யூனிட்டின் கணக்கைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது திரையிலிருந்து யூனிட் காணாமல் போனது. வயரில் உயிர் இருந்தால்தான் அந்த வழியும் இருக்கும். யூனிட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் வயர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி அயர்ன்பாக்ஸைச் சொருகியிருந்தார் இஸ்திரி மாஸ்டர். "சும்மா லைட் எரியற டப்பான்னு நெனச்சனுங்க."

நானாகப் போட்டது

அவிநாசி யூனிட்டில் அதே கட்டளையை, எந்த வழிகளைச் சொல்லலாம் என்று வடிகட்டாமல் போட்டேன். போன வாரம் சோதனைக்காகச் செருகிய வயர் ஒன்று அங்கேயே இருந்தது. அதற்கு நான் கொடுத்திருந்த நெட்வொர்க் எண்ணும், கணக்கெல்லாம் இருக்கும் ஆபீஸ் சர்வரின் எண்ணும் ஒன்று. சர்வர் இங்கேதான் இருக்கிறது என்று என் ரவுட்டர் ஊரெல்லாம் சொல்லிவிட்டது. சாயப்பட்டறையில் துணி தொட்டிக்குள் இறங்கிவிட்டது, சர்வரிலிருந்து வர வேண்டிய சாய எடை வரவில்லை என்று ஃபோன். வயரைப் பிடுங்கினேன், எல்லாம் சரியானது.

முதலாளி கூப்பிட்டார். "லைன் குடுக்கற கம்பெனிக்காரங்க பண்ணுன வேலைதானுங்களே?" தலையாட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். "இல்லீங்க, நான் போட்ட கட்டளைங்க" என்றேன். முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார். "வெளிய சொல்லீராதீங்க. இப்பத்தானுங்க அவங்ககூடச் சண்டை கட்டி வெச்சேன்."

ஆறு வருஷத்தில் அந்த வேலையை விட்டுவிட்டேன்; ஆனால் இன்றைக்கும் எங்கேயாவது கரண்ட் போனால், நான் என்னத்தைத் தொட்டேன் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.