பத்தாவது இலை

உலகத்தில் எந்த இலையும் என் சித்தியிடம் அனுமதி வாங்காமல் உதிர்வதில்லை. அவள் வருவது தெரிந்தால் மலையே கொஞ்சம் குனிந்துகொள்ளும். அவளுடைய முழங்காலைக் கேட்டால் மட்டும் வேறு மாதிரி சொல்லும். பதினேழு வருடமாக ஏறுகிறது அல்லவா.

தாவர ஆய்வு நிலையத்தில் இலை அளப்பது சித்தியின் வேலை. ஒரே புதர்ச்செடி, மலையில் ஐந்து உயரங்கள், உயரத்துக்குப் பத்து இலை. பறித்து, செய்தித்தாளில் வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி, காய்ந்தபின் தடிமன் குறிப்பாள். அடிவாரத்தில் உள்ளங்கை அகலம் இருக்கும் இலை, உச்சியில் நகத்தளவு. வீட்டுக்கு வந்தால் காலணியோடு கட்டிலில் விழுந்து கூரையைப் பார்ப்பாள்.

"என்ன சித்தி, கூரையையும் அளக்கிறியா?"

"வாயை மூடுடா. பேசக்கூடத் தெம்பில்ல."

போன வாரம் உச்சி இலை ஒன்றில் பூசணம் பிடித்துவிட்டது. மிச்சம் ஒன்பது. திங்கட்கிழமை பத்தும் வந்தாக வேண்டும் என்றார் அதிகாரி. அதாவது, வீங்கின முழங்காலோடு மறுபடியும் உச்சி.

விடுவேனா நான்? நிலையத்தின் பின்சுவர் நிழலில் அதே செடி நிற்கிறது. நகத்தளவுக் கொழுந்தாகப் பார்த்துப் பறித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்து, ஒன்பதோடு சேர்த்தேன்.

"நீதான் தப்பா எண்ணியிருக்கே சித்தி. பத்து இருக்கு பாரு."

எண்ணினாள். பத்து. பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். பிறகு, தடிமன் அளக்கும் கருவியை எடுக்கும் முன் எப்போதும் செய்வதுபோல, ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் கீழுதட்டில் வைத்து இழுத்தாள். அந்தப் பழக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. பத்தாவதில் கை நின்றது.

"மேல நிக்கிறது காத்துல தண்ணி போயிடக் கூடாதுன்னு கெட்டியா, ஓரம் சுருண்டு, அடியில கம்பளி போத்தினாப்புல இருக்கும்டா. இது மொழுமொழுன்னு இருக்கு. நிழல்ல சொகுசா வளர்ந்தது, உன்னை மாதிரி." மோந்து பார்த்தாள். "இஸ்திரி வாசனை வேற."

இலையைத் தனியே எடுத்துப் போட்டுவிட்டு முழங்காலில் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலையில ஏறணும். எதுக்குடா இப்படிப் பண்ணினே?"

"சும்மா, விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்குப் பண்றவன் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பான். நீ வந்ததுலேர்ந்து என் முட்டியையே பார்த்துக்கிட்டிருக்கே."