மண்ணெண்ணெயில் ஓடிய ஜீப்

நான் அந்த ஜீப்பை வாங்கிய காலத்தில், போர்க்காலத் தடையால், வன்னியில் பெற்றோல் மருந்துப் போத்தல்களில்தான் விற்கப்பட்டது. அப்படியொரு நேரத்தில் பழைய ஜீப் ஒன்றை வாங்குகிறவனை ஊர் விசரன் என்று சொல்லும். சொன்னது. எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. கிளிநொச்சிக்குத் தெற்கே, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பங்களைக் குடியேற்றிய திட்டம் ஒன்றில் எங்கள் வீடும் வயலும் இருந்தன. அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வயல் என் கையிலும் மாடுகள் அம்மாவின் கையிலும் இருந்தன.

சின்ன வயதிலேயே எனக்கு ஜீப் என்றால் பைத்தியம். நீர்ப்பாசனப் பகுதியின் ஜீப் ஒன்று மாரியில் வரும். உழவு இயந்திரமே சறுக்குகிற சேற்றில் அது முன்சில்லையும் சேர்த்துச் சுழற்றிக்கொண்டு குளக்கட்டில் ஏறும். ஏறி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு நிற்கும். மற்றப் பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போன பிறகும் நான் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் வாங்கிய ஜீப், மரம் அரிந்து விற்ற மரக்காலைக்காரர் ஒருவரின் வளவில் நின்றது. அவர் காலமாகிவிட்டார். மனைவி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அங்கே இருந்தா. ஜீப்பின் பின்சீற்றில் கோழிகள் முட்டையிட்டன. ஸ்ரேரிங்கில் உடுப்புக் காய்ந்தது.

"உந்த ஜீப்பை என்ன செய்யப் போறீர், தம்பி?" என்று கேட்டா.

"ஓட்டப் போறன், அக்கா."

"எங்க?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. "காட்டுக்குள்ளால முல்லைத்தீவுக் கடற்கரைக்கு" என்றேன்.

"பஸ் ஓடின நாளிலேயே நாங்கள் அங்க போனதில்லை" என்று சொல்லிவிட்டு அவா ஸ்ரேரிங்கில் கிடந்த உடுப்புகளை எடுத்தா. பிறகு, "எனக்குக் காசு வேண்டாம். காசுக்கு இங்க பால்மாவும் கிடைக்காது. கறக்கிற மாடு ஒண்டு இருந்தால் தாரும்" என்றா.

மாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, ஊர்ப் பெடியள் தள்ள, ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா குசினி வாசலில் நின்று அதைச் சுற்றிவரப் பார்த்தா. சீற்றில் ஒட்டியிருந்த கோழி இறகு ஒன்றைப் பிடுங்கி எறிந்தா.

"கறவை மாட்டைக் குடுத்துக் கோழிக்கூடு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றா. அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அதை ஓட வைத்தது நானும் என் சிநேகிதனும். அவன் குடும்பம் மலையகத் தோட்டத்தில் இருந்து கலவரக் காலத்தில் வந்து கனகராயன்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியது. அவன் கிளிநொச்சியில் ஒரு கராஜில் வேலை செய்தான். என் வயது. என்னைப் போலவே வாகனப் பைத்தியம். வேலை முடிந்து சைக்கிளில் வந்து, இருட்டும் வரைக்கும் என்னோடு சேர்ந்து எஞ்சினைக் கழற்றுவான், பூட்டுவான். உழவு இயந்திரம் ஒன்றில் இருந்து எறிந்த பற்றரியைப் போட்டோம். அதற்குத் தீப்பொறி தருமளவுக்குத்தான் வலு இருந்தது. ஆகவே எஞ்சினைக் கம்பி போட்டுக் கையால் சுற்றித்தான் எழுப்ப வேண்டும். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் குழாயைத் திறந்து எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். பின்னால் வெள்ளைப் புகை போகும். எங்கள் உடுப்பு, தலைமயிர், சோறு எல்லாமே மண்ணெண்ணெய் மணந்தது.

முதல் முதல் அது எழும்பிய பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் வற்றிக்கிடந்த குளத்துக்குள் இறக்கி ஓட்டினோம். வெடித்த களிமண், மாட்டுக் குளம்பு அடித்த பள்ளம், பட்ட மரக்குற்றி, எல்லாவற்றின் மீதும் அது ஏறி இறங்கியது. முன்சில்லுக்கான சின்னக் கியரைப் போட்டு, நிமிர்ந்து நின்ற குளக்கட்டில் ஏற்றினேன். மேலே வந்ததும் சிநேகிதன் சீற்றில் எழுந்து நின்று, "மச்சான், நாளைக்கே கடலுக்குப் போவோம்டா!" என்று கத்தினான்.

நாளைக்குப் போகவில்லை. அடுத்த நாள் காலை வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தது. அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவர் பிழைத்துக்கொண்டார். அன்றோடு ஜீப் ஊருக்குச் சொந்தமாகியது என்று நினைக்கிறேன். காய்ச்சல்காரர், வயிற்றுக்குத்துக்காரர், மரத்தில் இருந்து விழுந்தவர், பிள்ளைப்பேற்று வலி கண்டவர் என்று எல்லோரும் வரத் தொடங்கினார்கள். படலையில் நின்று, "ஜீப் நிக்குதோ?" என்றுதான் கேட்பார்கள். நான் நிற்கிறேனா என்று ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவுக்குக்கூட. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, "கொஞ்சம் பொறுங்கோ, தம்பி சூடாக்கிறான்" என்று எஞ்சினைப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டா. ஆனால் கம்பி சுற்றிச் சுற்றி என் வலது தோள் விட்டுப்போனது. நாற்று நடுகிற நாட்களில் வயலில் நான் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் எடுக்க வரிசையில் நின்றேன். ரயரில் விழுந்த ஓட்டையைச் செருப்புத் தைக்கிற ஊசியால் தைத்தேன். கடற்கரைக்குப் போவது பற்றி நானும் சிநேகிதனும் கதைப்பதை நிறுத்திக்கொண்டோம். நிறுத்துவோம் என்று முடிவெடுத்து நிறுத்தவில்லை, கதைக்க நேரம் இருக்கவில்லை.

பிறகு ஊருக்குள் ராணுவத்தின் செல் குண்டுகள் விழத் தொடங்கின. ஊர் முழுவதும் மேற்கே, அக்கராயன் பக்கம் போக வெளிக்கிட்டது. மாட்டுவண்டிகளும் உழவு இயந்திரங்களும் போதவில்லை. நான் போய் இறக்கிவிட்டுத் திரும்பி வருவேன். வந்தால் வேறு ஆட்கள் மூட்டையோடு ஒழுங்கையில் நிற்பார்கள். எத்தனை தரம் போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது. சிநேகிதன் பக்கத்தில் இருந்து, நான் நித்திரையில் சாயும்போது தோளில் தட்டுவான். "கண்ணத் தொறடா, மாடு நிக்குது" என்பான். சில வேளை மாடு நிற்கும். சில வேளை அவன் சும்மா சொல்லியிருப்பான்.

ஒரு தரம் வந்தபோது, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பெரியவர் ஒருவர் தன் வாசற்கதவை நிலையோடு கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஏற்கெனவே பிள்ளைகளும் கிழவிகளும் அடைந்திருந்தார்கள்.

"ஐயா, சனத்துக்கே இடமில்லை. கதவை விடுங்கோ" என்று கத்தினேன்.

"மகளின்ர கலியாணத்துக்குச் செய்வித்த கதவு, தம்பி" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சிநேகிதன் இறங்கி, கதவை ஜீப்பின் துணியில்லாத கூரைக் கம்பிகளின் மேல் வைத்துக் கட்டினான். பெரியவர் பின்னால் கால் வைக்கும் தட்டில் தொங்கிக்கொண்டு வந்தார். வழியில் மழை பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் கதவுக்குக் கீழே நனையாமல் வந்தார்கள்.

அம்மா கடைசியாகத்தான் ஏறினா. மிஞ்சிய மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்து முன்சீற்றில் இருந்தா. பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "உனக்குக் கண் ரெண்டும் உள்ளுக்குப் போயிட்டுது" என்றா.

அக்கராயனில் இருந்தும் எழும்பி மல்லாவிப் பக்கம் காட்டுக்குள் கொட்டில் போட்டோம். அடுத்த ஆண்டு கனகராயன்குளத்துச் சனமும் எழும்பியது. சிநேகிதனின் குடும்பம் எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்து இருந்தது. அங்கே வைத்துத்தான் அவன் கலியாணம் முடித்தான். பெண்ணும் அவனைப்போலவே இடம்பெயர்ந்து வந்தவள். அதிகம் கதைக்கமாட்டாள். நாங்கள் ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது தேத்தண்ணியைச் சில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

அவளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியபோது மாரி. ஒரு விடியற்காலை அவன் என் கொட்டிலுக்கு வந்து, "மச்சான், வலி வந்துருச்சு" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எத்தனையோ பேரைக் கொண்டு ஓடிய ஜீப். அன்றைக்குக் கம்பியை மாட்டவே அவனுக்கு இடம் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு காட்டாறு, அருவி என்போம். கோடையில் மணல்தான் இருக்கும். அன்று தண்ணீர் கரை தொட்டுப் போனது. அம்மா பின்னால் அவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. நான் சின்னக் கியரைப் போட்டு மெதுவாக இறக்கினேன். ஜீப் நல்லாகத்தான் போனது. சில்லுகள் அடிக்கல்லைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தன. நடுவில் வந்ததும் எஞ்சினின் விசிறி தண்ணீரை அள்ளித் தீப்பொறி வயர்களின் மேல் அடித்தது. இரண்டு தரம் இருமிவிட்டு எஞ்சின் நின்றது.

சிநேகிதன் தண்ணீருக்குள் குதித்துக் கம்பியைச் சுற்றினான். நான் சுற்றினேன். சேலைன் போத்தலில் இருந்த பெற்றோல் முடிந்துபோனது. அவள் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"எஞ்சினை விடுங்கோ, அவளைத் தூக்குங்கோ!" என்று அம்மா கத்தினா.

பின்சீற்றைக் கழற்றினோம். அவளை அதில் கிடத்தி, நானும் அவனும், அக்கரையில் விறகு வெட்ட வந்திருந்த ஆட்களும் சேர்ந்து தோளில் வைத்து அருவியைக் கடந்தோம். தண்ணீர் என் இடுப்பளவுக்கு வந்தது. அம்மா அவளின் கையை விடாமல் பக்கத்தில் நடந்தா. அக்கரையில் விறகு ஏற்ற நின்ற உழவு இயந்திரப் பெட்டியில் அவளை ஏற்றினோம். மத்தியானத்துக்கு முன் பெண் பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிநேகிதன் ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தியிருந்து அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், அந்த உழவு மிசின்காரரைக் கேட்டா கயிறு தருவாரு. இப்பவே போய் ஜீப்ப இழுத்துருவோம். தண்ணி ஏறுது" என்றான்.

நான் சுவரில் சாய்ந்திருந்தேன். எழும்பவில்லை.

"விடு" என்றேன்.

"என்னாடா சொல்ற? போயிருமேடா."

"போனால் போகட்டும்."

அவன் என்னையே பார்த்தான். நான் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். எனக்குக் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. அதை இழுத்தால் திரும்பவும் கழற்ற வேண்டும், காயவைக்க வேண்டும், மண்ணெண்ணெய் தேட வேண்டும், கம்பி சுற்ற வேண்டும். அடுத்த ஆள் வருவார். அவரும் வலியோடுதான் வருவார், இல்லை என்று சொல்ல முடியாது. அந்த விறாந்தையில் இருந்து பார்த்தபோது அதற்கு ஒரு முடிவு எனக்குத் தெரியவில்லை. அவன் பக்கத்தில் வந்து இருந்தான்.

வெள்ளம் ஜீப்பை அள்ளிக்கொண்டு போகவில்லை. கொஞ்சத் தூரம் உருட்டி, மருதமரம் ஒன்றில் சாய்த்துவிட்டு வற்றியது. சனம் தகரத்தையும் சீற்றுக் கம்பிகளையும் கொட்டிலுக்கு எடுத்தது. எடுக்கட்டும் என்று விட்டேன். வந்து கேட்டவர்களுக்கு அம்மா, "அது முடிஞ்சுது" என்று சொன்னா. நான் நீண்ட நாட்களுக்குப் பிறகு முழு இரவுகள் நித்திரை கொண்டேன். தோள் வலி மட்டும் போகவில்லை. சில நாட்களில் யாராவது நோயாளியைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கனகராயன்குளத்துச் சனம் ஊர் திரும்பியபோது சிநேகிதன் அந்த எஞ்சினை மட்டும் மரத்தடியில் இருந்து கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். என்னைக் கேட்டான். ஓம் என்றேன். சில மாதம் கழித்து, வந்து பார் என்று ஆள் அனுப்பினான். சைக்கிளில் போனேன். கிணற்றடியில் இரண்டு மரக்குற்றியின் மேல் எஞ்சினைப் பூட்டி, மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். சத்தத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. மகள் வாய்க்காலுக்குள் நின்று காலால் தண்ணீரை அடித்தாள்.

அவன் என் காதுக்குக் கிட்ட வந்து, "எப்புடி?" என்று கத்தினான்.

நல்லா இருக்கு என்று தலையாட்டினேன். மத்தியானம் அவன் மனைவி சோறும் கருவாட்டுக் குழம்பும் தந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பாலைமர நிழலில் பாயைப் போட்டுச் சரிந்தேன். ஒருவரும் என்னை எழுப்பவில்லை. விழித்தபோது வெயில் இறங்கிவிட்டது. அவன் அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தான்.