ஆறிப்போகும் தேத்தண்ணி

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் தையல் கடையில் ஒரு அக்காவும் தைக்கிறார். முன்னாள் போராளி. நான் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியை வாங்கி வைப்பார், குடிக்கமாட்டார்.

போர் முடிந்தபின் வன்னியில் முன்னாள் பெண் போராளிகளையும் காணாமல்போன பிள்ளைகளின் தாய்மாரையும் ஒன்றாக இருத்திப் பேசவைத்த சமாதானத் திட்டத்தில் அவரும் இருந்தவர். அது பயன்பட்டதா என்று விசாரிக்க ஒருநாள் அதை நடத்திய நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ஏதும் பிழையாகச் சொல்லி அக்காவின் விசாவுக்கு ஆபத்து வருமோ என்று தையலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓம், நல்ல பயன். முந்தி என்னைக் கண்டு கதவைச் சாத்தின தாய்மார், பிறகு கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தவை," என்றார் அக்கா. வந்தவர் சந்தோஷமாகப் போனார்.

"நல்லாச் சொன்னியள் அக்கா," என்றேன்.

"ஒரு அம்மா தேத்தண்ணி தந்திட்டு, மகளின்ரை படத்தைக் காட்டி, 'கண்டனியோ பிள்ளை?' எண்டு கேப்பா. ஒவ்வொரு முறையும் இல்லையெண்டுதான் சொன்னன். அவளைப் புதைச்சது நான்தான் தங்கச்சி. சொல்ல வாய் வரேல்லை."

இன்றும் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றித்தான் கொடுக்கிறேன். கொடுக்காவிட்டால் நானும் கதவைச் சாத்திவிட்டேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.