எத்தனை மீட்டரில் தெரிகிறேன்?

ஆபரேட்டரம்மாவின் குரலை அறியாதவர்கள் அந்த ஊரில் குறைவு. முகத்தை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருபத்திரண்டு வருடமாகத் தொலைபேசி இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று அவர் சொன்னால், சண்டை போடக் கூப்பிட்டவர்கள்கூட லைனில் இருப்பார்கள்.

காலை முறை ஐந்து மணிக்குத் தொடங்கும். நாலு இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார், சைக்கிளில். அதில் டைனமோ விளக்கு ஒன்று இருந்தது. வேகமாக மிதித்தால் எரியும். அவர் வேகமாக மிதிப்பவர் அல்ல. பின்னால் இருந்த சிவப்பு வில்லை எங்கேயோ விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சீருடை கருநீலம். அதற்கு மேல் போடும் ஸ்வெட்டரும் கருநீலம். பொருத்தமாக இருக்கட்டும் என்று நாத்தனார் பின்னிக் கொடுத்தது.

இப்படி ஒரு பனிக்கால விடியலில், சிமெண்ட் குழாய்க் கம்பெனி என்று ஊரார் சொல்லும் இடத்துக்கு எதிரே சாலை வளைகிற இடத்தில், ரொட்டி வேன் ஒன்றின் பக்கக் கண்ணாடி அவருடைய முழங்கையில் இடித்தது. சைக்கிள் ஒரு பக்கம் போனது. அவர் மணல் குவியலின் மேல் விழுந்தார். இடது மணிக்கட்டில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

டிரைவர் வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அவர் ஆபரேட்டரம்மாவைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் "அக்கா" என்றுதான் கூப்பிட்டார். இடித்தவருக்கு வயதைப் பற்றிப் பேசும் உரிமை இல்லை என்று நினைத்திருக்கலாம்.

"அக்கா, சத்தியமா நான் உங்களைப் பார்க்கவே இல்ல!"

"அது தெரியுது" என்றார் ஆபரேட்டரம்மா.

ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்து மருத்துவமனைக்கே கூட்டிப் போனார். ஆபரேட்டரம்மா முதலில் கீழ்த்தளத்துக்குப் போய், இரவு முறையில் இருந்தவளிடம் தான் வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும் என்று சொன்னார். கையைப் பார்த்த அந்தப் பெண்தான் எலும்புப் பிரிவுக்கு லைன் போட்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். போலீசுக்குப் போகலாம் என்றாள் நாத்தனார். சைக்கிளைத் தூக்கிப் போடு என்றார் வீட்டுக்காரர். ஆபரேட்டரம்மாவின் யோசனை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. நாள் முழுவதும் மனிதர்கள் சொல்வதைக் காதால் மட்டுமே கேட்டுப் பழகியவர். பொய் எது, மெய் எது என்று குரலிலேயே பிடித்துவிடுவார். அந்த டிரைவர் சொன்னது மெய். அவர் உண்மையாகவே பார்க்கவில்லை. அப்படியானால், எவ்வளவு தூரத்தில் பார்த்திருக்க வேண்டும்?

டிரைவர் வாரம் தவறாமல் ஒரு ரொட்டியோடு நலம் விசாரிக்க வந்தார். மூன்றாவது முறை வந்தபோது ஆபரேட்டரம்மா கேட்டே விட்டார்.

"எத்தனை மீட்டர்லேர்ந்து நான் தெரிஞ்சிருந்தா நீங்க ஒதுங்கியிருப்பீங்க?"

டிரைவர் விழித்தார். "அதெல்லாம் எப்படிக்கா சொல்றது?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் நில அளவையாளர். "அளந்துட்டாப் போச்சு" என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் நாலு மணிக்கே எல்லோரும் அந்த வளைவில் கூடினார்கள். வீட்டுக்காரர் பத்து மீட்டருக்கு ஒன்றாக, வெள்ளை பூசி எண் எழுதிய குச்சிகளைச் சாலையோரம் இருநூறு மீட்டர் வரை நட்டு வைத்தார். சைக்கிளை ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். ஆபரேட்டரம்மாவுக்குக் கை சரியில்லாததால் மிதிக்கும் பொறுப்பு நாத்தனாருக்கு வந்தது. அவள் கருநீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, எங்கும் போகாத சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தாள்.

"யாராவது தெரிஞ்சவங்க வந்தா நான் என்ன சொல்றது அண்ணி?"

"யாருக்கும் நீ தெரியமாட்டே. அதைத்தானே பார்க்க வந்திருக்கோம்."

ஆபரேட்டரம்மா நோட்டும் பேனாவுமாக டிரைவரின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இருநூறாவது மீட்டரிலிருந்து வேன் நடை வேகத்தில் நகர்ந்தது. டிரைவர் "தெரியுது" என்று சொன்னபோது இருபதாவது மீட்டர். ஆபரேட்டரம்மாவுக்கு நாற்பதிலேயே தெரிந்துவிட்டது. எழுதிக்கொண்டார். அடுத்து வெள்ளைச் சால்வை. டிரைவருக்கு முப்பது, ஆபரேட்டரம்மாவுக்கு எழுபது. அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது முறை சைக்கிளின் பின்னால் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கை மாட்டினார்கள். வேன் கிளம்பும் முன்பே ஆபரேட்டரம்மாவுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. டிரைவர் வாயைத் திறக்கவில்லை. நூறு போனது, எண்பது போனது. நாற்பதில்தான் "தெரியுது" என்றார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலையா?"

"சிவப்பா என்னமோ பூத்தாப்பல இருந்துச்சு. கடை வாசல் விளக்குன்னு நெனைச்சேன்."

"இங்க கடையே கிடையாதே."

டிரைவர் சற்று யோசித்தார். "கிடையாதுதான்" என்றார்.

கடைசியாகப் பெடல் கட்டைகளில் ஒளிரும் நாடாவை ஒட்டினார்கள். வேன் வெளிச்சம் பட்டதும் இரண்டு கீற்றுகள் மேலும் கீழுமாகப் போய் வந்தன. ஆபரேட்டரம்மா நூற்றைம்பதில் குறித்துக்கொண்டார். அறுபதில் டிரைவர் உற்சாகமாகிவிட்டார். "யாரோ மிதிக்கிறாங்கக்கா! விளக்குன்னா எதுவா வேணும்னாலும் இருக்கலாம். மிதிச்சா அது ஆளுதான்!"

ஆபரேட்டரம்மா நோட்டைப் பார்த்தார். ஸ்வெட்டரைக் குறை சொல்ல நியாயம் இருந்தது. ஆனால் எந்த வரியை எடுத்தாலும் தன் எண்ணில் பாதியை டிரைவரின் எண் தாண்டவில்லை. வேனை வளைவிலேயே நிறுத்தச் சொன்னார். முன் விளக்கின் வெளிச்சம் எதிரே இருந்த பெரிய பலகையில் விழுந்தது.

"அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிங்க."

"சிமெண்ட் குழாய்கள் எல்லா அளவிலும் கிடைக்கும்" என்று டிரைவர் தயங்காமல் படித்தார்.

"அது போன வருஷம். அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இப்ப 'இந்த இடம் வாடகைக்கு'ன்னு எழுதியிருக்கு."

டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இதே ரோடுக்கா. எங்க பள்ளம், எங்க திருப்பம், எல்லாம் மனப்பாடம்."

"நான் மனப்பாடத்துல இல்லையே" என்றார் ஆபரேட்டரம்மா.

டிரைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ரெண்டு வருஷமாவே புகை மூட்டமாத்தான் இருக்கு. பேக்கரில சொன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. வீட்டுலகூட சொல்லல. நீங்க சொல்லிடாதீங்கக்கா."

அன்று மணலில் கிடந்தபோது வராத கோபம் ஆபரேட்டரம்மாவுக்கு இப்போது வந்தது. இரண்டு வருடமாகத் தெரிந்தே ஓட்டியிருக்கிறார். தன்னைப்போல் இன்னும் எத்தனை பேர் இந்தச் சாலையில் சைக்கிளில் போகிறார்கள்? ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் அந்த மனிதர் பலகையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், உற்றுப் பார்த்தால் எழுத்து மாறிவிடும் என்பதுபோல. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க, நாளைக்கே. இப்ப எறங்கி அந்தப் பக்கம் வாங்க. வண்டிய எங்க வீட்டுக்காரர் ஓட்டுவார்."

மறுநாள் வீட்டிலிருந்தே மருத்துவமனை எண்ணைச் சுழற்றினார். கண் பிரிவு வேண்டும் என்றார். எடுத்த பெண் வழக்கப்படி "கொஞ்சம் லைன்ல இருங்க" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஆபரேட்டரம்மா லைனில் இருந்தார். அது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் புரிந்தது. கண் டாக்டருக்கு அவர் குரல் நன்றாகத் தெரியும்; அதே வாரம் வரச் சொல்லிவிட்டார்.

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றில் அறுவை சிகிச்சை செய்து, ஒரு மாதம் கழித்து மற்றதில் செய்தார்கள். பேக்கரி முதலாளி டிரைவரைத் திட்டினார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. கண் ஆறும்வரை உள்ளே ரொட்டிக்கு உறை போடும் வேலையில் உட்கார வைத்தார். டிரைவரின் மனைவி ஆபரேட்டரம்மாவுக்குப் போன் செய்து, நன்றி சொல்வதற்குப் பதிலாக, இவ்வளவு நாள் தனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று அழுதாள். ஆபரேட்டரம்மா முழுவதையும் கேட்டார்.

மாவுக்கட்டு பிரித்ததும் அவர் சைக்கிளிலேயே வேலைக்குப் போனார். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, ஒன்று நின்று எரிய, ஒன்று விட்டுவிட்டு எரிய. பெடலில் நாடா. மேலே மஞ்சள் சட்டை. முன்னால் புதிய விளக்கு. "ரோடு போடுற வண்டி மாதிரி இருக்கீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். ஆனால் கருநீலத்தில் இன்னொரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கியிருந்தவள், அதைப் பிரித்து வெள்ளைக்கு மாற்றினாள். மருத்துவமனைக் காவலாளி இப்போதெல்லாம் அவர் தெருமுனை திரும்பும்போதே எழுந்து கதவைத் திறந்தார். இத்தனை வருடமாக அவர் மணியடித்துக் காத்திருந்த கதவு அது.

மூன்று மாதம் கழித்து ஒரு விடியலில், எதிரே வந்த ரொட்டி வேன் சாலையோரம் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். கண் கிடைத்த நாளிலிருந்து விளக்கில்லாமல் போகிற ஒருவரையும் அவர் விடுவதில்லை என்றும், நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுப்பதால் ரொட்டி நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்றும் ஊரில் பேச்சு.

நலம் விசாரிக்கத்தான் வருகிறார் என்று ஆபரேட்டரம்மா புன்னகைத்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் டிரைவர். "உங்க முன் லைட்டு ரொம்பத் தூக்கியிருக்கு. எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்குது. கொஞ்சம் கீழ எறக்குங்க."

ஆபரேட்டரம்மா குனிந்து திருகைத் தளர்த்தினார். விளக்கு நன்றாகக் கீழே இறங்கும்வரை டிரைவர் பக்கத்திலேயே நின்று, தள்ளிப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு, போதும் என்று கையைக் காட்டினார்.